மாத்திரைச் சீட்டைப் பார்த்த பிறகு பட்டியல் கொடுங்கள்

பேலியோ உணவுமுறை ஆலோசகர்களுக்கும் அதற்கான குழுக்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சீனி, வெல்லம், தேன் ஆகியவை கூடாது. முட்டை, மீன், இறைச்சி, நெய், வெண்ணெய், பனீர், தேங்காய், கீரை, பாதாம் ஆகியவற்றை வயிறு நிறையச் சாப்பிடலாம் என்ற பட்டியலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலோடு எனக்குப் பகையும் இல்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை இறங்குகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். அது எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் பட்டியல் கொடுக்கப்படுவதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் அம்மா பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பிட்டு வருபவர். அவருக்குப் பட்டியல் தந்த ஆலோசகர் எடை, உயரம், வயது கேட்டார். சைவமா அசைவமா என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்கவில்லை. காலையில் நெய்யில் வறுத்த பாதாம் நூறு, மதியம் சோற்றுக்குப் பதிலாகத் துருவிய காலிஃபிளவருடன் 4 முட்டை, இரவில் கோழிக்கறி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பழைய மாத்திரைகளையும் பழைய அளவிலேயே விழுங்கி வந்தார்.

ஒரு நாள் நள்ளிரவில் அவர் எழுந்து உட்கார்ந்தபோது ரவிக்கை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. குளுக்கோமீட்டர் 46 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். “சீனி தொடவே கூடாதுன்னு போட்டிருக்காங்கம்மா, பட்டர் டீ போட்டுக் குடு” என்றார். உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்திலும் உங்கள் பட்டியலுக்கு அவர் துரோகம் செய்ய விரும்பவில்லை. வெண்ணெயிலிருந்து அந்த நேரத்துக்கு வேண்டிய குளுக்கோஸ் கிடைக்காது என்பதை, நினைவு தப்பிக்கொண்டிருந்தவருக்கு நான் எப்படிப் புரியவைப்பது? கெஞ்சியும் அதட்டியும் புகட்டினோம். சர்க்கரை ஏறியது, மறுபடியும் இறங்கியது. விடியும்வரை குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் ஆலோசகரிடமிருந்து வந்த பதில், உடல் புதிய உணவுக்குப் பழகி வருகிறது, கொழுப்பைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. தட்டில் இருப்பது சோறா, காலிஃபிளவரா என்று அதற்குத் தெரியாது. மூன்று வேளை சோறும் இட்லியும் சாப்பிடுபவருக்காக மருத்துவர் முடிவுசெய்த அளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் எடுத்துவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை அதிகமாகத் தெரியாத நிலையிலேயே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் அந்த மருந்தின் வேலை குறையும். எனவே மறுபடியும் சொல்கிறேன்: மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் யாருக்கும் பட்டியல் கொடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். மாதக்கணக்கில் காத்திருந்து உள்ளே போனால் இரண்டு நிமிடத்தில் சீட்டை எழுதி நீட்டிவிட்டு, என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டால் “சர்க்கரையைக் குறைங்க” என்பதோடு முடித்துக்கொள்ளும் மருத்துவர்கள் இருப்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் வருகிறோம். அந்தக் குறை அவர்களுடையது. ஆனால், மருந்து எல்லாம் நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் எழுதியதும் நூறு பேர் வாழ்த்துகிற உங்கள் குழுக்களில், லோ சுகர் வந்து விழுந்தவர் எழுதினால் “பட்டியலை மீறினீர்களா?” என்ற கேள்விதான் முதலில் வருகிறது என்றால், அந்தக் குறை உங்களுடையது.

2002-இல் அமெரிக்க ஆய்வாளர் லோரன் கோர்டெயின் எழுதிப் பரப்பிய பேலியோ உணவுமுறையில் பாலுக்கும் பனீருக்கும் இடமில்லை. நம் ஊர்ச் சைவர்களுக்காக நீங்கள் பனீரையும் வெண்ணெயையும் சேர்த்துக்கொண்டீர்கள். அது நல்ல முடிவுதான். சமையலறைக்கு ஏற்பப் பட்டியலைத் திருத்தியவர்களால் மருந்துப் பெட்டிக்கு ஏற்பவும் திருத்த முடியும்.

ஆகவே தயவுகூர்ந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களிடம் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அளவை மாற்றுவது குறித்து மருத்துவரிடம் பேசிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள். கூடவே, “சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள், அது பட்டியலை மீறியதாகாது” என்ற வரியைத் தவிர்க்க வேண்டிய உணவுகளுக்கு மேலே, என் அம்மாவைப் போன்றவர்கள் கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி பெரிய எழுத்தில் போடுங்கள்.

பணிவுடன்,
ஒரு சர்க்கரை நோயாளியின் மகள்