மரத் தொட்டிக்குப் பெயிண்ட் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வீட்டுத் தோட்டப் பக்கத்தில் மரத் தொட்டிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தொட்டி இத்துப் போகாமல் இருக்க உள்ளும் புறமும் பெயிண்ட் அடிக்கலாம், செலவைக் குறைக்கப் பழைய இன்ஜின் ஆயில் பூசலாம் என்று அதில் இருந்தது. நான் பொள்ளாச்சியில் தச்சு வேலை செய்பவன். மாடித் தோட்டத்துக்குத் தொட்டி செய்து கொடுப்பதும், இத்துப்போன தொட்டிகளுக்கு அடிப்பலகை மாற்றிக் கொடுப்பதும் என் பிழைப்பு. அந்த இரண்டு யோசனைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் இன்ஜின் ஆயில். வேலிக்காலுக்குப் பலரும் பூசுகிறார்கள், சரி. கீரையும் கொத்தமல்லியும் வளரும் பெட்டிக்கு அது கூடவே கூடாது. இன்ஜின் தேய்ந்த உலோகத் துகளும், எண்ணெய் எரிந்து உண்டான நச்சும் அதில் இருக்கின்றன. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது மண்ணுக்குத்தான் இறங்கும். அந்தச் செடியில் பறித்த தக்காளியைத்தான் வீட்டுக் குழந்தைகள் தின்னப் போகிறார்கள்.

பெயிண்ட் விஷயம் வேறு. மரத்தை இற்றுப் போக வைப்பது பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதன் வேலை நடக்காது. தொட்டிக்கோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆணி ஓட்டை, மூட்டு என்று எப்படியும் பலகைக்குள் ஈரம் போய்விடும். இரண்டு பக்கமும் பெயிண்ட் இருந்தால் போன ஈரம் காய வழியில்லை. மேலுக்குப் புதுசு மாதிரித் தெரியும், கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகும். பழுதுக்கு வரும் தொட்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் எல்லோரும் தொட்டியில் நிரப்புவது தென்னை நார்க்கழிவு. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். செடிக்கு நல்லதுதான், ஆனால் அதை ஒட்டியிருக்கும் பலகை ஒரு நாளும் காயாது. அதனால் நான் சொல்லும் வழி இது: செடியை வளர்ப்புப் பையிலேயே வைத்து, பையை மரப்பெட்டிக்குள் இறக்குங்கள். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். நேராக மண் கொட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நான்கு பக்கமும் உட்புறத்தில் கனமான பாலிதீன் ஷீட் அடித்து, மேல் விளிம்பை மடித்து ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் இறங்கி, வெறும் மரத்தைவிடச் சீக்கிரம் கெடும். அடியில் ஷீட் வேண்டாம். அடிப்பலகைகளுக்கு நடுவே சந்து விட்டு, மேலே பழைய உரச் சாக்கை விரித்தால் மண் நிற்கும், தண்ணீர் போய்விடும்.

எப்போதும் அடிதான் முதலில் போகும். தொட்டியைத் தளத்தில் அப்படியே உட்கார வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண் தரையாக இருந்தால் கரையான் ஏறுவதும் கண்ணில் படும். கால் வைத்த பெட்டி என்றால், காலின் அறுத்த முனையைக் கவனியுங்கள். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய நுண்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்து கிடக்கின்றன. பலகையின் முகத்தைவிட அந்த முனை பல மடங்கு வேகமாக உறிஞ்சும்.

வெளிப்புறத்துக்கு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) போதும். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. நன்றாகக் காய்ந்த மரத்தில் மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். அறுத்த முனைகளுக்கு மட்டும் மரம் குடிக்கும்வரை பூசலாம். வருடா வருடம் சித்திரை வெயிலில் இன்னொரு கை பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகித் துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே தனியாக விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும்.

அப்புறம் மரம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வரும் இயந்திரங்களின் பைன் பெட்டிகள் மலிவாகக் கிடைப்பதால் தொட்டிக்கு வாங்குகிறார்கள். அதில் 'எச்.டி.' முத்திரை இருந்தால் இற்றுப் போகாத மரம் என்று நினைக்கிறார்கள். பூச்சி சாக, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான முத்திரை அது. இற்றுப் போவதை அது தடுக்காது. 'எம்.பி.' என்று இருந்தால் நச்சுப்புகை போட்ட மரம், உணவுச் செடிக்கு எடுக்கவே வேண்டாம். சில்வர் ஓக், மாமரம், தென்னம்பலகை எதுவும் வெட்டவெளியில் நாள்படத் தாங்காது. தேக்கிலும் வைரம் என்கிற நடுப்பகுதிதான் நிற்கும், அதைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியான வெளிறு நிற்காது. தோட்டத்து வரப்பில் வளர்ந்த இளந்தேக்கில் பாதிக்கு மேல் வெளிறாகவே இருக்கும்.

நல்ல மரம் நம் கண் முன்னால்தான் வீணாகிறது. சுற்று வட்டாரத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது தேக்கு நிலைகளும் வேங்கைச் சட்டங்களும் விறகு விலைக்குப் போவதைப் பார்க்கிறேன். ஆணியைப் பிடுங்கி, பெயிண்ட் இருந்தால் இழைத்து எடுத்துவிட்டு ஒரு தொட்டி செய்தால் அருமையாக உழைக்கும். வீடு இடிப்பவர்கள் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அப்புறம் விற்கட்டும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் நன்றாக இருக்கும். முழுவதையும் போட இடமில்லை என்றால், இன்ஜின் ஆயில் பற்றிய பகுதியையாவது அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
பொள்ளாச்சி.