அரிவாள் வயலைவிட மூத்தது: கற்காலக் கூடம் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களில் கற்காலக் கூடங்களை வடிவமைத்து, பெட்டிகளுக்குக் குறிப்பெழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கூடங்களுக்கு அடிக்கடி வருகிறவன் நான். ஆய்வாளன் கிடையாது. கல்லைக் கல்லால் தட்டி உடைத்துக் கருவி செய்துபார்க்கும் பொழுதுபோக்கு உண்டு. அதன் அடையாளமாக இடது கட்டைவிரலில் ஒரு தழும்பும் உண்டு. அதனால் மற்றவர்கள் அரை நிமிடத்தில் தாண்டிப் போகிற கற்பெட்டிகளின் முன்னால் நான் கால் வலிக்கும்வரை நிற்பேன். அப்படி நின்று நின்று சேர்ந்த ஒரு மனக்குறையைத்தான் எழுதுகிறேன்.

எங்கே போனாலும் ஒரே வரிசை. முதல் பெட்டியில் முரட்டுக் கைக்கோடரிகள். அடுத்ததில் நகத்தளவு நுண்கருவிகள். மூன்றாவதில் வழுவழுப்பான கோடரி, அரவைக்கல், அரிவாள் அலகு, ஒரு பானை. மேலே 'மனிதன் வேளாண்மையைக் கண்டுபிடித்தான்' என்ற தலைப்பு. பின்சுவர் ஓவியத்தில் இடது ஓரம் ஈட்டியோடு ஒருவன், வலது ஓரம் கதிர்க்கட்டோடு ஒருவன், நடுவே ஓர் அம்புக்குறி. என் சண்டை அந்த அம்புக்குறியோடுதான்.

இந்த வரிசை நீங்கள் கண்டுபிடித்ததல்ல என்று தெரியும். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்துகிடந்த பழம்பொருட்களைக் கல், வெண்கலம், இரும்பு என்று கிறிஸ்டியான் தாம்சன் பிரித்து அடுக்கினார். அதை விளக்கும் கையேடு 1836-ல் வந்தது. 1865-ல் ஜான் லப்பக் அந்தக் கற்காலத்தை இரண்டாக்கினார்: உடைத்துச் செய்த கருவி பழையது, தேய்த்து மெருகேற்றியது புதியது. 1930-களில் கார்டன் சைல்ட் வேளாண்மையின் வருகையைப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று அழைத்தார். அலமாரியை ஒழுங்குபடுத்தச் செய்த ஏற்பாடு ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக மனித குலத்தின் கதையாகவே ஆகிவிட்டது.

ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்றுகள் அந்த அலமாரிக்கு அடங்கவில்லை. விளிம்பைத் தேய்த்துத் தீட்டிய கோடரியின் சில்லு ஒன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிடைத்தது. வயது 44,000 ஆண்டுகளுக்கு மேல். ஜப்பானில் கிடைத்தவை 30,000 ஆண்டுகளைத் தாண்டியவை. அவற்றைச் செய்தவர்களுக்கு வயலும் இல்லை, விதைப்பும் இல்லை. அரவைக்கல்லா? இத்தாலியின் பிலான்சினோவில் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழைய அரவைக்கல்லில் சம்பு நாணல் கிழங்கின் மாவுத்துகள் ஒட்டியிருந்தது. பானை? சீனாவின் சியன்ரென்துங் குகையில் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையாடிகள் பானை வனைந்திருக்கிறார்கள். ஆக, உங்கள் மூன்றாம் பெட்டியில் இருப்பதில் முக்கால்வாசி, இரண்டாம் பெட்டிக்கோ முதல் பெட்டிக்கோ போயிருக்க வேண்டியது.

மீதமிருப்பது அரிவாள். அதுவாவது வேளாண்மையின் பிள்ளைதானே என்று நானும் நெடுநாள் நம்பினேன், இஸ்ரேலில் உள்ள ஒஹாலோ என்ற அகழ்விடம் பற்றிப் படிக்கும்வரை.

1989-ல் கலிலேயக் கடலின் நீர்மட்டம் வெகுவாக இறங்கியது. (பெயர்தான் கடல், உண்மையில் நன்னீர் ஏரி.) வெளியே தெரிந்த கரைச்சேற்றில் எரிந்துபோன குடிசைகளின் தடங்கள். அதுதான் ஒஹாலோ. காலம் 23,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் கடுங்குளிர்க் கட்டம். கருகியதாலும், பிறகு சேறும் நீரும் மூடிவிட்டதாலும் விதைகள் அப்படியே பிழைத்திருந்தன: காட்டு வாற்கோதுமை, காட்டுக் கோதுமை, இன்னும் எத்தனையோ. ஒரு குடிசையின் தரையில் அரவைக்கல், அதன்மேல் தானிய மாவுத்துகள். அதோடு, விளிம்பில் மெருகேறிய சிக்கிமுக்கிக் கல் அலகுகள் சில. அவை கதிர் அறுத்தவை.

அந்த மெருகு எப்படி வருகிறது என்பதை நீங்கள் எந்தப் பெட்டியிலும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். புல்வகைத் தண்டுகளில் சிலிக்கா இருக்கிறது. அறுக்க அறுக்க அது கல்லின் விளிம்பைத் தேய்த்துக் கண்ணாடிபோல் பளபளக்க வைத்துவிடும். கருவியின் வடிவத்தை விட்டுவிட்டு அதன் தேய்மானத்தை நுண்ணோக்கியில் படிக்கும் முறையைச் சோவியத் ஆய்வாளர் செர்கேய் செம்யோனவ் வளர்த்தெடுத்தார். அவருடைய நூல் 1957-ல் வெளியானது. நாணல் வெட்டினாலும் பளபளப்பு வரும் என்பதால் ஆய்வாளர்கள் அவசரப்படாமல் பார்க்கிறார்கள். ஒஹாலோ அலகுகளைப் பார்த்தவர்கள், முற்றுவதற்குச் சற்று முந்திய தானியத்தை அவை அறுத்திருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அங்கே களைச்செடிகளின் விதைகளும் கிடைத்திருப்பதால், சிறிய அளவில் விதைத்தும் பார்த்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. இருக்கட்டும். அந்த முயற்சி தொடர்ந்ததாகத் தெரியவில்லை. அந்த வட்டாரத்தில் பயிராகவே மாறிவிட்ட கோதுமையும் வாற்கோதுமையும் தலைகாட்டுவது ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன்னால்தான். அரிவாளுக்கும் அதற்குரிய வயலுக்கும் நடுவே பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்! உங்கள் சுவரில் அது ஒரு சாண் நீள அம்புக்குறி.

ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை கதிரிலேயே இருக்கிறது. காட்டுக் கதிர் முற்றியதும் தானே சிதறி மணிகளை உதிர்க்கும். செடி அப்படித்தான் பரவ முடியும். எப்போதாவது ஒரு செடியில் கதிர் உதிராமல் நிற்கும். காட்டில் அது பிழைக்காது. மனிதர் அறுத்தெடுத்து, அதிலிருந்தே மறுபடி விதைத்தால் மட்டும் அதன் கை ஓங்கும். அறுத்ததையெல்லாம் தின்றுவிட்டு விதைக்காமல் விட்டால், அடுத்த ஆண்டு முளைப்பது அரிவாளுக்குத் தப்பி உதிர்ந்த மணிதான். எத்தனை ஆயிரம் ஆண்டு அறுத்தாலும் செடி காட்டுச்செடியாகவே இருக்கும்.

விதைக்கத் தொடங்கிய பிறகும் அது சட்டென்று மாறவில்லை. 20 முதல் 200 ஆண்டுகளில் மாற்றம் முடிந்திருக்கலாம் என்று கார்டன் ஹில்மனும் ஸ்டூவர்ட் டேவிஸும் 1990-ல் கணக்கிட்டார்கள். அகழ்வில் வந்த கதிர்த்துண்டுகள் அதற்கு ஒத்துவரவில்லை. ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் என்றுதான் அவை காட்டுகின்றன. நெல்லும் அப்படித்தான். சீனாவின் தியன்லுவோஷானில் உதிராத வகை நெல்லின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாக உயர 300 ஆண்டுகள் ஆயின. அங்கே வாழ்ந்த ஒருவரிடம் போய், 'நீங்கள் ஒரு புரட்சியின் நடுவில் நிற்கிறீர்கள்' என்றால் சிரித்திருப்பார். ஆகவே 'கண்டுபிடித்தான்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த 'ஆன்' விகுதியையும் சேர்த்து.

விகுதியைச் சும்மா இழுக்கவில்லை. சிரியாவில் யூஃப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு ஹுரைரா என்ற பழங்கால ஊர் ஓர் அணையின் நீரில் மூழ்குவதற்கு முன், 1972-லும் 1973-லும் அவசரமாக அகழப்பட்டது. அங்கே கிடைத்த எலும்புகளைத் தியா மோலிசன் ஆராய்ந்தார். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து, முழங்கால் சிதைந்து, அடிமுதுகு நைந்து கிடந்தது. மண்டியிட்டு, விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி, நாள்தோறும் மணிக்கணக்கில் தானியம் அரைத்ததன் விளைவு என்றார் அவர். பெரும்பாலும் பெண்களின் எலும்புகள். உங்கள் அரவைக்கல்லின் கீழே இருப்பது 'தானியம் அரைக்கப் பயன்பட்டது' என்ற ஒரே வரி. அந்த முழங்காலுக்கும் பக்கத்தில் இடம் கொடுங்கள்.

எல்லா இடத்திலும் கதிரும் அரிவாளும்தான் என்றும் எண்ண வேண்டாம். நியூகினியின் குக் சதுப்பில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் மேடு கட்டி வாழையும் கிழங்கும் வளர்த்தார்கள். அரிவாளுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம், கல் உடைக்கிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். நான் ஒரு கைக்கோடரி செய்து முடிக்கும்போது பாய் நிறையச் செதில் கிடக்கும். அந்தச் செதில்களில் பலவும் கோடரியைவிடக் கூர்மை. எத்தியோப்பியாவின் கோனாவில் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கல் உடைத்தவர்கள் தேடியது பெரும்பாலும் அந்தக் கூரான செதிலைத்தான். நீங்களோ அழகான கோடரியை நடுவில் வைத்து, செதில்களைச் சாக்கில் கட்டிக் கிடங்கில் போட்டுவிடுகிறீர்கள். ஒரு தட்டு நிறையச் செதிலும், தட்டிய கல்லும், செதில் எடுத்தபின் மிஞ்சிய நடுக்கல்லும் ஒன்றாக இருந்தால் கை எப்படி இயங்கியது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

சுவர் ஓவியத்தை மாற்றப் பணமும் அனுமதியும் வேண்டியிருக்கும். அது மெல்ல நடக்கட்டும். மூன்றாம் பெட்டியின் தலைப்பை மாற்ற ஓர் அட்டை போதும். அரிவாள் அலகின் மேல் ஓர் உருப்பெருக்கியும் சின்ன விளக்கும் பொருத்திவிட்டால் பார்வையாளர்களே அந்த மெருகைப் பார்த்துக்கொள்வார்கள்.

தொட்டுப் பார்க்கும் மேசை போடுவதாக இருந்தால் என்னிடம் ஒன்று இருக்கிறது. மரக்கைப்பிடியில் பிசினும் மெழுகும் கலந்து ஒட்டிய மூன்று கல் அலகுகள். மணிக்கணக்கில் புல் அறுத்து அறுத்து, நடு அலகில் மட்டும் பளபளப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். விளிம்பு இன்னும் வெட்டும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

இப்படிக்கு,
கூடம் மூடும் மணி அடித்தும் நகராத ஒரு பார்வையாளன்