அம்மிணிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணிக்கு,

போன் போட்டால் “ரெக்கார்டிங்கில் இருக்கறேங்ப்பா, அப்புறம் கூப்படறேன்” என்று மெசேஜ்தான் வருகிறது. அதனால் கடிதம். ஓய்வாக இருக்கும்போது படி.

மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது. அம்மா சுகம்.

உன் படத்தைக் கோபியில் பார்த்தோம். ‘இசை’ என்று போட்டு உன் பெயர் வந்ததும் அம்மாயி எழுந்தே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டும் உட்காரவில்லை. எனக்கும் பேச்சே வரவில்லை. நம் சனத்தில் வயலின் பெட்டியோடு பஸ் ஏறின முதல் பெண் நீதான்.

இடைவேளைக்கு அப்புறம் ஆற்றங்கரையில் வயலின் வருகிறதே, அதை வாசித்தது யார் அம்மிணி? ஸ்வரமெல்லாம் சுத்தமாக, தனித்தனியாக விழுந்தது. நீ வாசித்தால் காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு விரல் இழைந்து போகும். வில் கம்பியைத் தொடும்போது ஒரு சின்னக் கரகரப்பு இருக்கும். விடியக்காலம் கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டே உன் சாதகத்தை வருஷக்கணக்காகக் கேட்டவன் நான். இப்போது எல்லா வாத்தியமும் கீபோர்டிலேயே வந்துவிடும் என்கிறார்கள். சரி, அவசரத்துக்கு அப்படித்தான் செய்வார்கள் போல. படம் நன்றாக இருந்தது.

பொங்கல் நோம்பிக்கும் லேப்டாப் மட்டும்தான் கொண்டுவந்தாய். கேட்க வாயெடுத்தேன், அம்மா கண் காட்டினாள், விட்டுவிட்டேன்.

சினிமா வேண்டாமென்று நான் சொல்லவே இல்லை. ‘மருதமலை மாமணியே’ பாட்டு வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் போட்டதுதானே? 1972-இல் நம் கோயம்புத்தூர் சின்னப்பா தேவர் எடுத்த ‘தெய்வம்’. மதுரை சோமு பாடியது. ராகம் தர்பாரி கானடா என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். 1969-இல் ‘வா ராஜா வா’, அப்புறம் ‘அகத்தியர்’, ‘ராஜராஜ சோழன்’ என்று வரிசையாகப் படம் செய்த மனிதர், வில்லைக் கீழே வைக்கவில்லையே! வலையப்பட்டி தவிலோடு அவர் மேடையேறினால் எவ்வளவு கூட்டம் கூடியது! அந்தக் கை கச்சேரியில் ஊறின கை. அதனால்தான் பாட்டிலும் அப்படி வந்தது என்பது என் எண்ணம்.

காலையில் அரை மணி நேரமாவது வாசி. நேரத்துக்குச் சாப்பிடு. மெட்ராஸ் உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும், பெட்டியிலேயே பூட்டி வைக்காதே. எடுத்துத் துடைத்து, கொஞ்சமாவது வாசி.

வயலின் உன்னிடம்தானே இருக்கிறது? அதற்காக மயிலைப் பசு போனது உனக்கும் தெரியும். சொல்லிக்காட்டவில்லை சாமி. போன படத்துக்கே பணம் முழுசாக வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? வாடகைக்கு முடை என்றால் வாய்விட்டுக் கேள். மஞ்சள் விலைக்குப் போட்டதும் அனுப்பிவிடுகிறேன். எதையும் அடகு கிடகு என்று கொண்டுபோய் வைக்காதே. வைத்திருந்தாலும் சொல், மீட்டுக்கொள்ளலாம். நான் திட்டமாட்டேன்.

பண்ணாரி அம்மன் குண்டம் திருவிழாவுக்கு வரும்போது பெட்டியையும் எடுத்து வா. உன் வாத்தியார் சந்தையில் பார்த்துக் கேட்டார், கொண்டுவருவாள் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா