முதல் நாளே சொல்லியிருக்கலாமே: போக்குவரத்துக் காவல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத் தெருவில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டியதாக என் தம்பி ஓட்டும் சரக்கு வண்டிக்கு நீங்கள் அனுப்பிய இ-சலான்களைப் பற்றி எழுதுகிறேன். ரத்து செய்யுங்கள் என்று கேட்க வரவில்லை. கேமரா தப்பாகக் காட்டியது என்றும் வாதாடவில்லை. பிடித்தவுடனே ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

நடந்தது உங்கள் பதிவுகளிலேயே இருக்கும். ஒரு ராத்திரி வண்டி முதலாளியின் போனில் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாமே ஒரே கேமரா, ஒரே தெரு, கடைகளுக்குச் சரக்கு இறக்கப் போகும் அதே காலை நேரம். தேதிகள்தான் மாதக்கணக்கில் பழையவை. மறுநாள் முதலாளி அத்தனையையும் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

அந்தப் படங்களை நீங்கள் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். முதல் படத்தில் வண்டியின் தார்ப்பாய் ஓரத்தில் கிழிந்து, நீலக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறது. கடைசிப் படத்தில் இருப்பது புதுத் தார்ப்பாய். இடையில் அவ்வளவு காலம் ஓடியிருக்கிறது. வேகம் மட்டும் மாறவே இல்லை, எல்லாவற்றிலும் 40-ஐ ஒட்டித்தான். எச்சரித்த பிறகும் அடங்காதவனின் வேகம் இல்லை ஐயா அது. தன்னைப் பிடித்துவிட்டார்கள் என்பதே தெரியாதவனின் வேகம். உங்களுக்கு முதல் நாளே தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். "ஓட்டினது நீ, கட்ட வேண்டியதும் நீதான்" என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவின்படி இலகு ரக வண்டிக்கு அபராதம் குறைந்தது 1,000 ரூபாய், 2,000 வரை போகலாம். ஒரு சலான் என்றால் வலித்தாலும் கட்டிவிடலாம், பாடமாகவும் இருக்கும். இத்தனையும் மொத்தமாக வந்ததால் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் அவன் மனைவி குடும்பத்தை ஓட்டுகிறாள். எதிர்த்து முறையிடலாம் என்கிறீர்கள். சரி, எதைச் சொல்லி முறையிடுவது? எத்தனையோ மாதத்துக்கு முந்தைய ஒரு காலையில் அந்த இடத்தில் வேகப் பலகை கண்ணில் படும்படி இருந்ததா, மறைந்து கிடந்ததா என்று யாரால் இப்போது சொல்ல முடியும்?

30 கி.மீ. என்பது தேவையில்லாத கெடுபிடி என்று நினைப்பவள் அல்ல நான். பிள்ளைகள் நடமாடும் தெருவில் அதுதான் சரியான வேகம். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், 30-இல் வருபவர் சுதாரித்துப் பிரேக் அடித்து, காய்ந்த சாலையில் ஏறக்குறைய பதின்மூன்று மீட்டருக்குள் வண்டியை நிறுத்திவிடலாம். அதே இடத்தில் 40-இல் வந்தவரின் வண்டி பிரேக் பிடிக்க ஆரம்பித்திருக்குமே தவிர, வேகம் இன்னும் 30-க்குக் கீழே இறங்கியிருக்காது. பத்து கி.மீ.தானே என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. தம்பிக்கும் இதைத்தான் எடுத்துச் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை.

அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. முதல் குறுஞ்செய்தி மறுநாளே வந்திருந்தால் அதற்கடுத்த நாளிலிருந்து அவன் 30-இல் போயிருப்பான். அந்தத் தெருவில் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகளுக்கு அத்தனை காலைகளும் பத்திரமாக இருந்திருக்கும். வண்டி வேகமாகப் போகிறது என்று ஒவ்வொரு நாளும் உங்கள் கேமரா பார்த்தது, படம் எடுத்தது, கணக்கில் சேர்த்தது. தடுக்க மட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை. நல்ல வேளையாக அங்கே யாருக்கும் அடிபடவில்லை. பட்டிருந்தால் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த மோட்டார் வாகன விதி 167ஏ, குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. கேமரா கண்காணிக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை நன்றாகத் தெரியும்படி வைக்கச் சொல்வதும் அதே விதிதான். எங்களுக்குச் சட்டம் எவ்வளவு கட்டாயமோ, அவ்வளவு உங்களுக்கும் கட்டாயம் இல்லையா?

இன்னொன்றும் பயமாக இருக்கிறது. இரண்டாவது முறை வேகக் குற்றம் என்றால் லைசென்ஸைப் பறிமுதல் செய்ய 183-வது பிரிவே சொல்கிறது. பிறகு அது உரிமம் வழங்கும் அதிகாரியிடம் போய், மூன்று மாதம் ஓட்டத் தடை வரைக்கும் வரலாம். முதல் குற்றத்தையே சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிக்கொண்டு போவது எந்த நியாயம்? லைசென்ஸ்தான் அவன் பிழைப்பு.

அந்தத் தெருவுக்கு வந்து பாருங்கள். வேகப் பலகை இருக்கிறது, அதற்கு முன்னால் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஃபிளெக்ஸ் நிற்கிறது. நடைபாதை என்று இருப்பதில் பாதியில் கடை, பாதியில் பைக், பிள்ளைகள் தார் ரோட்டில்தான் நடக்கிறார்கள். வேகத்தடைக்கு அடித்த வெள்ளை பெயின்ட் எப்போதோ அழிந்துவிட்டது. கேமரா ஒன்றுதான் அந்தத் தெருவில் ஒழுங்காக வேலை செய்கிறது. இதெல்லாம் வேறு வேறு துறை என்பீர்கள், எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தில் அந்தக் கணக்கை எடுக்கவில்லை.

உங்களிடம் தாழ்மையுடன் கேட்பது இதுதான். வேகம் தாண்டியது பதிவானவுடன் தகவல் அனுப்புங்கள். முடிந்தால் அன்றே, முடியாவிட்டால் விதி சொல்லும் 15 நாட்களுக்குள்ளாவது. வாடகைக்கும் சம்பளத்துக்கும் வண்டி ஓட்டுபவர்கள் தங்கள் எண்ணையும் பதிந்துவைக்க ஒரு வழி செய்யுங்கள், முதலாளி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. தம்பி விஷயத்தில், முதல் சலானைக் கட்டிவிடுகிறோம். காலம் கடந்து அனுப்பிய மற்றவற்றை, எந்தத் தேதியில் நடந்தது, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று பார்த்து மறுபரிசீலனை செய்யுங்கள். அதுவரைக்கும் அவன் லைசென்ஸ் மீது நடவடிக்கை எடுக்காமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவரின் அக்கா