கணக்கு நோட்டைப் படித்தவர்களுக்கு

உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நேரில் தனித்தனியாகச் சொன்னால் "அட விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

காசிமேட்டில் எங்கள் மொட்டை மாடி மாலை வகுப்பில் இந்த வருடம் 32 பிள்ளைகள். போன ஜூனில் அவர்களிடம் கணக்குக்கு நோட்டைத் திறந்தால் வலப்பக்கம் கணக்கு, இடப்பக்கம் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுத்து என்று சொன்னேன். எப்படிப் போட்டாய், எங்கே முட்டி நின்றாய், பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்பதுதான் அந்த அரைப் பக்கம். "கணக்கு டியூஷன்னு அனுப்பினா கட்டுரை எழுத வைக்கிறாங்களே" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்தார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே முதலில் நம்பிக்கை பாதிதான்.

முதல் மாதம் நானே கெடுத்தேன். லகர ளகரத்தை எல்லாம் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்ததில், ஆகஸ்டுக்குள் பாதிப் பேர் "சூத்திரம் போட்டேன், விடை வந்தது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் வந்தவர்தான் ஓய்வுபெற்ற நம் தமிழம்மா. அம்மா, வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்திய நீங்களே "பிழையைத் தொடாதே, என்ன சொல்ல வர்றான்னு மட்டும் பாரு, புரியலேன்னா கேள்வி எழுது" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த வகுப்பு பிழைத்தது.

அப்புறம்தான் தெரிந்தது, எழுத வைப்பது சுலபம், படிப்பதுதான் கஷ்டம் என்று. வாரம் இரண்டு முறை 32 நோட்டு, என் ஒருத்தியால் முடியாது. படிக்க ஆள் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் எழுத்தும் நின்றுபோகும். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற சார், கல்லூரி முடிந்து நேராக மாடிக்கு ஏறி வந்த இரண்டு தங்கச்சிகள், இரவு பதினொரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்த ஜெராக்ஸ் கடை அண்ணன், இந்த நன்றி உங்களுக்குத்தான்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தான். விடையை மட்டும் பார்த்தால் அடித்துவிட்டுப் போயிருப்பேன். இடப்பக்கத்தில் "மேலே மேலே, கீழே கீழே கூட்டினேன்" என்று எழுதியிருந்ததற்கு அண்ணன் பென்சிலில் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: "அரை பார் ஐஸ் வாங்கி மேல இன்னும் கொஞ்சம் போட்டா, அரையைவிடக் குறையுமா?" பையன் மறுநாள் ஆறு துண்டாக ஒரு ஐஸ் பார் படம் போட்டு, மூன்று துண்டும் இரண்டு துண்டும் ஐந்து, அப்போ ஆறில் ஐந்து என்று தானே எழுதிக்கொண்டு வந்தான்.

இன்னொன்று தண்டல், அதாவது வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு தினமும் வசூலிக்கும் கடன். சொந்தமாக ஒரு கணக்கு எழுதி வா என்றதற்கு, ஒன்பதாம் வகுப்புப் பெண் வீட்டுச் சங்கதியையே எழுதினாள். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் வருவது 8,500, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். 1,500-ஐ 8,500-ஆல் வகுத்து 17.6 சதவீதம் என்று முடித்தவள், கீழே எழுதியிருந்தாள்: "50-ஆவது நாள் அம்மா கையில் பாதிப் பணம்தான் இருக்கு. ஆனா வட்டி முழுசுக்கும் எடுத்துட்டாங்க. அப்போ 17 இல்ல, இன்னும் ஜாஸ்தி." கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும், போட்டுப் பாருங்கள். துறைமுக சார் அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

சார்தான் ராமானுஜன் கதையையும் பிள்ளைகளுக்குச் சொன்னவர். 1912-இல் நம் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், 1913 ஜனவரி 16 அன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தேற்றங்களைப் பார்த்து அசந்த ஹார்டியும் பதிலில் நிரூபணம்தான் கேட்டார். "அவருக்கே இடப்பக்கம் கேட்டிருக்காங்கடா" என்று சார் சொன்னதும் மாடியே சிரித்தது. ராயபுரத்தில் 1993-இல் பி.கே. சீனிவாசன் என்ற கணக்கு வாத்தியார் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிறு எல்லோரையும் அழைத்துப்போனதும் அவர்தான். ஆட்டோ காசை இன்னும் வாங்க மாட்டேன் என்கிறார்.

எல்லோருக்கும் மதிப்பெண் ஏறிவிட்டதா என்றால் இல்லை. சிலருக்கு ஏறியது, இரண்டு பேர் இன்னும் இடப்பக்கத்தைக் காலியாகவே விடுகிறார்கள். சரி, ஜூனில் பார்ப்போம். அண்ணாச்சி, அடுத்த வருட நோட்டுக்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடுவேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள். நேற்று ஒரு நோட்டு திரும்பி வந்தது. விசைப்படகு ஒரு தங்கலுக்கு, அதாவது சில நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்து வருவதற்கு, ஆகும் டீசல் செலவைப் பற்றி மகள் எழுதிய கணக்கின் ஓரத்தில் கோணல் எழுத்தில் யாரோ: "ஒரு தங்கலுக்கு இவ்ளோ கம்மியா ஆகாது கண்ணு. அப்பாகிட்ட கேட்டு எழுது."