செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இந்த அறையில் இருக்கும் நம் இசைச் சங்கத்தின் 14 உறுப்பினர்களே, இல்லாத 33 பேரே, அனைவருக்கும் வணக்கம். அறிக்கையைப் போன வாரமே தட்டச்சு செய்துவிட்டேன். இந்த இரண்டு எண்களை மட்டும் இப்போதுதான் பேனாவால் எழுதினேன்.

நம் விதிப்படி பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, 16 பேர். அரை மணி நேரம் ஒத்திவைத்து மறுபடி கூடினால் கோரம் தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. அந்த அரை மணியில்தான் எல்லோரும் டீ குடித்தோம். தொடர்ந்து நான்காவது ஆண்டாக இப்படித்தான் நடக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன்.

மாதாந்திரக் கூட்டங்கள் நான்காம் ஞாயிறுகளில் நடந்தன. பிப்ரவரியில் கிதார் கலைஞர் ஒருவர் வந்து வாசித்தார். மே மாதம் வெயிலுக்காகக் கூட்டம் மாலை ஆறரைக்கு மாற்றப்பட்டது. ஆகஸ்டில் வினாடி வினா. டிசம்பர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. மறைந்த உறுப்பினர் ஒருவருக்கு ஜூன் மாதம் இரங்கல் தீர்மானம் போட்டோம். அவர் தந்துவிட்டுப் போன 11 வீடியோ கேசட்டுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மார்ச் கூட்டத்தில் பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை. எனவே "சினிமாப் பாட்டு அல்லாத இசை தொலைக்காட்சியிலிருந்து எப்படிக் காணாமல் போனது" என்று நானே பேசினேன். கேட்டவர்கள் எட்டுப் பேர். மற்றவர்களுக்காக அதன் சாரத்தை இங்கே தருவது என் கடமை.

அமெரிக்காவில் எம்.டிவி என்ற இசைச் சேனல் 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. 1986-ல் '120 மினிட்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சியை ஞாயிறு நள்ளிரவில் வைத்தார்கள். பகலில் போட முடியாது என்று ஒதுக்கிய பாட்டுகளுக்கு அந்த இரண்டு மணி நேரம். நிர்வாணா என்ற ராக் குழுவை உலகறியச் செய்த வீடியோ 1991-ல் முதலில் ஒளிபரப்பானது இந்த ஒதுக்குப்புறத்தில்தான். மறு வருடமே எம்.டிவி இளைஞர்களை ஒரே வீட்டில் தங்கவைத்துப் படம் பிடிக்கும் ரியாலிட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதன் கணக்கு எளிது. பாட்டு நான்கு நிமிடம். பிடிக்காவிட்டால் ரிமோட்டை அழுத்திவிடுவார்கள். சண்டை அரை மணி நேரம். யார் ஜெயித்தார் என்று தெரியாமல் எழுந்து போக மாட்டார்கள். '120 மினிட்ஸ்' 2000-ல் அங்கிருந்து எடுக்கப்பட்டு, 2001-ல் துணைச் சேனலுக்குத் தள்ளப்பட்டு, 2003-ல் நின்றுபோனது. 2010-ல் எம்.டிவி தன் சின்னத்தின் அடியில் இருந்த 'மியூசிக் டெலிவிஷன்' என்ற வார்த்தைகளையும் எடுத்துவிட்டது. அதையாவது நேர்மை என்று சொல்லலாம்.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. 1991-ல் ஸ்டார் டிவி வழியாக எம்.டிவி வந்தது. மொட்டை மாடியில் டிஷ் குடை வைத்திருந்த கேபிள்காரர் நமக்கெல்லாம் அப்போது கலாச்சாரத் தூதர். 1994-ல் எம்.டிவி பிரிந்து போக, ஸ்டார் 'சேனல் வி' தொடங்கியது; 1996-ல் எம்.டிவி இந்தியாவுக்கென்றே தனியாகத் திரும்பி வந்தது. இரண்டும் போட்டி போட்ட அந்தச் சில வருடங்களில்தான் சினிமாவுக்கு வெளியே பாடியவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் 'கலோனியல் கஸின்ஸ்' என்ற இருவர் குழுவாக வந்தது 1996-ல். தமிழ்நாட்டில் 2001-ல் வந்த எஸ்.எஸ். மியூசிக் சேனல், தென்னக மொழிப் பாட்டுகளுக்கு நடுவே ஆங்கிலப் பாட்டும் போட்டது. அப்புறம் வந்தவை எல்லாம் இசைச் சேனல் என்று பெயர் வைத்துக்கொண்ட சினிமாப் பாட்டுச் சேனல்கள். போன் போட்டு, "இந்தப் பாட்டை என் அத்தை பையனுக்கு டெடிகேட் பண்றேன்" என்று சொல்வதற்கு யாருக்கும் தெரியாத குழுவின் பாட்டு எதற்கு?

இதில் சேனல்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அன்றைய கேபிளில் ஒரு சேனல் நல்ல எண்ணில் தெரிய வேண்டுமானால் கேபிள் நிறுவனத்துக்குக் கேரியேஜ் கட்டணம் அழ வேண்டும். சினிமாப் பாட்டைப் படம் வெளியாகும் நேரத்தில் விளம்பரத்துக்காகப் படக்காரர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். தனிக் குழுக்களிடம் வீடியோ எடுக்கவே காசு இருக்காது. டி.ஆர்.பி. எடுப்பதோ நாடு முழுக்கக் குறிப்பிட்ட சில வீடுகளில் மட்டும் பெட்டி வைத்து. இரவு 12 மணிக்கு விழித்திருந்து ராக் கேட்கும் ஒரு ஆள் அதில் அகப்பட்டால் அதுவே அதிசயம். எனவே பார்ப்பவர் பூஜ்யம். பூஜ்யத்துக்கு விளம்பரம் கிடையாது.

ஒரே ஒருமுறை நல்லது நடந்தது. 2014-ல் 'எம்.டிவி இண்டீஸ்' என்று தனிச் சேனலே ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க சுயாதீன இசை. 2016-ல் அந்த இடத்தில் 'எம்.டிவி பீட்ஸ்' வந்தது. அது இந்தி சினிமாப் பாட்டுச் சேனல். நான் இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த உறுப்பினர் சிரித்தார். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 2018-ல் சேனல் வி இந்தியாவும் மூடப்பட்டது.

கேள்வி நேரத்தில் நம் இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சார், இசை நல்லாத்தானே இருக்கு, டிவிதானே போச்சு?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழு முதல் மேடை ஏறியபோது எந்த இசைச் சேனலும் அவர்களை வளர்த்துவிட்டிருக்கவில்லை. 2021-ல் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடிய பாட்டு யூடியூபில் கோடிக்கணக்கானோரைத் தொட்டது. அந்த இளைய உறுப்பினருக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. செப்டம்பரில்தான் பதில் கிடைத்தது.

சரி, கேசட் திட்டத்துக்கு வருகிறேன். அதைப் பற்றிச் செயற்குழுவில் எழுந்த முணுமுணுப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை.

உறுப்பினர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகளில் அந்தக் காலத்து நள்ளிரவு இசை நிகழ்ச்சிகள் இருக்கலாம், அவற்றை டிஜிட்டலாக மாற்றி நம் சங்கத்துக்குள் மட்டும் பார்க்க வைத்திருப்போம் என்பதே திட்டம். காப்புரிமை இருப்பதால் இணையத்தில் ஏற்றுவதில்லை என்று தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறோம். வந்து சேர்ந்தவை 84. இதுவரை மாற்றியவை 23. பூஞ்சை தின்று கைவிட்டவை 9. மீதம் 52 என் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. என் வீட்டில் உள்ளவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அறிக்கைக்கு உட்பட்டதல்ல.

"23 தானா?" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்ட வழியில்லை. அதற்கு முன்னால் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் திறந்து, சுருளின் ஓரத்தில் பவுடர் தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் போட்டால் பூஞ்சை, கேசட் ஓட்டும் வி.சி.ஆரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதி) ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஜூலையில் அப்படி ஒரு தவறு நடந்தது. செய்தது நான்தான். ரிப்பேர்ச் செலவு கணக்கில் 'பராமரிப்பு' என்ற தலைப்பில் இருக்கிறது.

மறைந்த உறுப்பினரின் 11 கேசட்டுகளில் ஒன்றின் மேல் 'தங்கச்சி கல்யாணம் – அழிக்காதே' என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருந்தது. குடும்பத்திடம் கொடுத்துவிடலாம் என்றுதான் ஓட்டினேன். ஒரு மணி நேரம் கல்யாணம். கேமராக்காரர் பந்தியில் ஒவ்வொரு இலையாகக் காட்டிக்கொண்டே வந்து, ஒரு பாயசக் கிண்ணத்தோடு படம் நின்றது. பிறகு திரை முழுக்கப் புள்ளி. நிறுத்தப் போனேன். சட்டென்று ஒரு விஜே, அதாவது பாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளர், பேசிக்கொண்டிருந்தார். பழைய நிகழ்ச்சிப் பதிவின் மேல்தான் கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்கள். கல்யாணம் சீக்கிரம் முடிந்ததால் மிச்சம் இரண்டு மணி நேரம் தப்பித்திருக்கிறது.

அந்த விஜே ஒரு வடகிழக்கு ராக் குழுவின் பெயரைச் சொன்னார். மறுபடி சொன்னார். மூன்றாவது தரம் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எதற்கு என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. கேசட் கடையில் போய்ச் சரியாகக் கேட்க வேண்டுமே, அதற்காக! எங்கோ தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் காலையில் கடைக்குப் போவான் என்று அவர் நம்பியிருக்கிறார். அந்தப் பாட்டைத் தேடினேன். இணையத்தில் இருக்கிறது, இதைவிடத் தெளிவாக. ஆனால் அது எந்தப் பாட்டுக்குப் பிறகு வந்தது, நடுவில் என்ன விளம்பரம், ஒருவர் ஏன் அதை எழுத்துக் கூட்டிச் சொன்னார் என்பதெல்லாம் அந்தக் கேசட்டில்தான் இருக்கிறது. இளைய உறுப்பினருக்கு இதுதான் பதில். செப்டம்பர் கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். அவர் வரவில்லை.

இன்னொரு முயற்சி. வாரம் அரை மணி நேரம், இரவு 11 மணிக்குப் பிறகானாலும் பரவாயில்லை, சினிமா அல்லாத தமிழ் இசைக்கு ஒதுக்குங்கள் என்று ஆறு சேனல்களுக்குக் கடிதம் எழுதினோம். ஐந்து பதில் போடவில்லை. ஒரு சேனல் மட்டும் மிக மரியாதையாக, அந்த அரை மணி நேரத்தை நாமே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கட்டணப் பட்டியலை இணைத்து அனுப்பியது. தொகையைப் படித்ததும் செயற்குழு சற்று நேரம் மௌனம் காத்தது. இரங்கல் தீர்மானம் அதற்கு முன்பே முடிந்திருந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அக்டோபரில் எம்.டிவி மூடப்படுகிறது என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் பரவியது. உண்மையில் மூடப்பட்டவை பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் இருந்த இசைச் சேனல்கள், பிரிட்டனில் மட்டும் ஐந்து, டிசம்பர் 31-ஆம் தேதியோடு. தாய்ச் சேனல் ரியாலிட்டி நிகழ்ச்சிகளோடு நன்றாகவே இருக்கிறது. ஒரே மாலையில் 31 பேர் கண்ணீர்ப் பொம்மை போட்டார்கள். எண்ணினேன். அந்த வாரம் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். அழுதவர்களில் இருவர் மட்டும் அதில் இருந்தார்கள். யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை. இதே வழியில்தான் அந்த நள்ளிரவு நிகழ்ச்சிகளும் போயின என்பது என் தாழ்மையான கருத்து: எல்லோருக்கும் பிடித்திருந்தது, உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. என் வீட்டிலும் கேபிளை எடுத்து மூன்று வருடமாகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வரவு செலவு. ஆண்டுச் சந்தா ரூ.300. உறுப்பினர்கள் 47, கட்டியவர்கள் 21. நிலுவையில் சிலருடையது மூன்றாண்டுக் கணக்கு. அறை வாடகை, டீ, தபால், வி.சி.ஆர்., பராமரிப்பு ஆகியவை போக மீதி ஏறக்குறைய சரியாக வந்தது. சரியாக வராத பகுதி கைமாற்றாகச் சமாளிக்கப்பட்டது. யார் கை என்பதை இங்கே சொல்வது நாகரிகமில்லை. விவரம் வேண்டுபவர்களுக்குப் பொருளாளர் நோட்டைக் காட்டுவார். வி.சி.ஆர். வாங்க முன் அனுமதி பெறவில்லை என்று அவர் எழுப்பிய ஆட்சேபம் குறிப்பேட்டில் உள்ளது. ஓடுகிற பழைய வி.சி.ஆர். விலைக்கு வந்தால் அன்றைக்கே வாங்க வேண்டும், செயற்குழு கூடும்வரை அது காத்திருக்காது என்ற என் விளக்கமும் அதன் கீழேயே உள்ளது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தனக்கென்று கட்டணம் கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிடும் காவலர், கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கொண்டுவந்த உறுப்பினர், ஹெட்டைக் கழுவிக் கொடுத்த பழைய டிவி மெக்கானிக், தலைவர், மற்றும் செயற்குழுவினர்.

வரும் ஆண்டைப் பற்றி. செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஆறாவது வருடம். இளையவர்கள் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். விண்ணப்பப் படிவம் மேஜையின் இடது ஓரத்தில் இருக்கிறது. போன வருடமும் அங்கேதான் இருந்தது. பொறுப்பேற்பவர் 52 கேசட்டுகளையும் வி.சி.ஆரையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டியிருக்கும். யாரும் வராவிட்டால் மாதம் நான்கு கேசட் என்று வைத்தாலும் 13 மாதம் ஆகும், அதுவரை ஹெட் தாங்க வேண்டும். உதிரிக்காக இன்னொரு வி.சி.ஆர். ஒரு இடத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். ஓடாததுதான், ஆனால் ஹெட் நன்றாக இருக்கிறதாம். இம்முறை முன் அனுமதி கோருகிறேன். பொருளாளர் கதவருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வெளியே போக அந்த ஒரு கதவுதான் இருக்கிறது.