கண்ணனுக்கு, அப்பாவின் இறப்புச் சர்ட்டிஃபிகேட் விஷயமாக

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மாவின் ஆசிகள். டல்லாஸில் வெயில் கொளுத்துகிறதாம், டிவியில் சொன்னார்கள். ஃபோன் எடுக்க முடியாத அளவுக்கு வேலை போலிருக்கிறது. அதனால் எழுதி அனுப்புகிறேன். இதையாவது கடைசி வரை படி.

சர்ட்டிஃபிகேட் பிரதி கேட்டு எழுதியபோது நீ ஃபிரிமான்ட் விலாசம் கொடுத்திருந்ததால் அலமேடா கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) கவர் இங்கேதான் வந்தது. பிரித்துவிட்டேன். அப்பா பெயரில் பதிவே இல்லை என்று முத்திரை குத்தி ஒரு தாள். தேடிப் பார்த்ததற்கே கட்டணம், பணம் திரும்பாது. அவர்கள் மேல் கோபப்படாதே. இறப்புப் பதிவு இருப்பது உயிர் போன கவுண்டியில், வாழ்ந்த கவுண்டியில் இல்லை. நாம் குடியிருப்பது அலமேடா. ஆஸ்பத்திரி பாலோ ஆல்டோவில், அது சான்டா கிளாரா கவுண்டி. இத்தனை வருஷம் இந்த மாதிரி விண்ணப்பம் வாங்கும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சான்டா கிளாராவிலும் இரண்டு வாசல். இந்த வருஷமும் போன வருஷமும் நடந்தவை சுகாதாரத் துறையில் இருக்கும், அதற்கு முந்தையவை கவுண்டியின் பதிவு அலுவலரான கிளார்க் ரெக்கார்டரிடம். யாருடைய கையெழுத்தோடு பிரதி வருகிறது என்பது இந்தியாவுக்கு அனுப்பும்போது முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவசரப்பட்டு இன்னும் பிரதி கேட்டு எழுதிவிடாதே. முதலில் திருத்தம், அப்புறம் பிரதி. இறுதிச் சடங்கு நடத்திய ஃபியூனரல் ஹோம் வாங்கித் தந்த இரண்டு பிரதியையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அன்று ஃபியூனரல் ஹோமில் அந்த மேஜை முன்னால் நான் உட்கார்ந்திருந்த நிலையில் என் பெயரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நீ அப்பாவின் படிப்பு, வேலை, எத்தனை வருஷம் அந்த வேலை, நான் பிறந்த வீட்டுப் பெயர் வரை தடுமாறாமல் சொன்னாய். தகவல் தந்தவர் கட்டத்தில் உன் பெயர், பக்கத்தில் மகன் என்று இருக்கிறது. அப்பா பார்த்திருந்தால் நாலு பேரிடம் காட்டியிருப்பார்.

ஆனால் இரண்டு இடம் இடிக்கிறது. தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதைவிடப் பெரியது, வேறு பெயர்கள் என்று கேட்கும் ஏ.கே.ஏ. கட்டம் வெறும் கோடாக இருக்கிறது. இங்கே பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், தாத்தா பெயர் குடும்பப்பெயராகப் பின்னால். கும்பகோணத்தில் பத்திரம், பட்டா, பாங்க் புத்தகம் எல்லாவற்றிலும் எஸ் இனிஷியலோடு அப்பா பெயர் மட்டும். இரண்டும் ஒரே ஆள் என்று அங்கே யார் நம்புவார்கள்? பாங்க் மேனேஜர் ஒருவர் மாறி இன்னொருவர் வரும்போதெல்லாம் அஃபிடவிட் கேட்பார். அந்த ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டால் பாதித் தலைவலி இங்கேயே தீரும்.

திருத்துவதற்கு விஎஸ் 24 என்று ஒரு ஃபார்ம். சாக்ரமென்டோவில் மாநில வைட்டல் ரெக்கார்ட்ஸ், அதாவது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியது. ஒரு பக்கம் சான்றிதழில் இருப்பது இருக்கிறபடியே, தப்போடு, எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். இன்னொரு பக்கம் சரியானது. தப்பான பக்கத்தையும் நல்லெண்ணத்தில் சரியாக எழுதிவிடுவார்கள். எதைத் திருத்தச் சொல்கிறாய் என்று ஃபார்ம் திரும்பி வரும். அடித்தல் திருத்தல், வெள்ளை மை எதுவும் கூடாது. ஒரு எழுத்து பிசகினால் புதுத் தாளில் முதலிலிருந்து எழுது. மரணக் காரணம் இருக்கும் பகுதியில் கை வைக்காதே, அது டாக்டர் பொறுப்பு, அதற்கு 24ஏ என்று தனி ஃபார்ம். அது சரியாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றி இனி யாரும் யாரையும் கேட்க ஒன்றுமில்லை.

திருத்தம் ஏற்றுக்கொண்டால் பழைய தாளை அழித்து எழுத மாட்டார்கள். நம் ஃபார்ம் இரண்டாம் பக்கமாகச் சேரும். அதன் பிறகு வாங்கும் பிரதி எல்லாம் இரண்டு பக்கம். அதனால்தான் சொல்கிறேன், முதலில் திருத்தம். இப்போது எட்டு வாங்கி வைத்தால் எட்டும் பழையது. ஒவ்வொன்றும் 20 டாலருக்கு மேல்.

அந்த ஃபார்மில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். விஷயம் தெரிந்த இரண்டு பேர், பொய் சொன்னால் தண்டனை என்று ஒப்புக்கொண்டு, ஒரே தாளில். ஒன்று நீ. இன்னொன்று அக்கா.

நான் போடலாமே என்பாய். போடலாம். போடப்போவதில்லை. தாத்தா பெயரை எப்படி எழுதுவது என்று அவர் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் நீங்கள் இருவரும். கும்பகோணம் வீட்டில் யாருக்கு எவ்வளவு என்பதை இந்த ஃபார்ம் கேட்கவில்லை. அப்பா பெயர் என்ன, அவருடைய அப்பா பெயர் என்ன, அவ்வளவுதான் கேட்கிறது.

தாள் வாரக்கணக்கில் கிடக்கும், பொறுமை வேண்டும். அது முடிந்ததும் பிரதிக்கு விண்ணப்பம். ஆதரைஸ்டு என்பதைக் குறி. இன்ஃபர்மேஷனல் என்றால் அடையாளத்துக்குச் செல்லாது என்று குறுக்கே அச்சடித்தே கொடுப்பார்கள், விலை ஒன்றுதான். மகன் என்ற முறையில் உனக்கு உரிமை உண்டு. தபாலில் கேட்டால் உறுதிமொழித் தாளை நோட்டரி முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே போட்டு எடுத்துப் போகாதே, நோட்டரி மறுத்துவிடுவார். டெக்சாஸ் நோட்டரி போதும். அப்பா பெயரும் உன் உறவும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். உறவுக் கட்டத்தைக் காலியாக விட்டதால் மட்டும் திரும்பிய விண்ணப்பங்கள் எத்தனை என் கை வழியாகப் போயிருக்கின்றன!

எத்தனை பிரதி? ஃபியூனரல் ஹோமில் பத்து, பன்னிரண்டு என்பார்கள். நமக்கு எட்டு. இன்சூரன்ஸ் இரண்டுக்கும் ஒவ்வொன்று, அப்பாவின் 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக்கு ஒன்று, இங்கே வீட்டுப் பத்திரத்தில் அப்பா பெயரை எடுக்க ஒன்று, கையிருப்பாக இரண்டு. மீதி இரண்டு கும்பகோணத்துக்கு, பாங்குக்கும் பட்டாவுக்கும். கிரெடிட் கார்டு, மின்சாரம், ஃபோன் இதற்கெல்லாம் ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே. இந்த வீட்டுக்காக அலமேடா அசெஸருக்கு, அதாவது சொத்து வரி மதிப்பீட்டு அதிகாரிக்குப் போக வேண்டிய தாள் 150 நாளுக்குள், அது என் பாடு, அனுப்பியாயிற்று.

கும்பகோணத்துக்குப் போகும் இரண்டுக்கும் அபோஸ்டில் வேண்டும், அதாவது கையெழுத்து உண்மையானது என்று வெளிநாடும் ஏற்கும் சான்றுத் தாள். இந்தியா 2005லேயே அபோஸ்டிலுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, அதனால் தூதரக அட்டெஸ்டேஷன் என்று அலைய வேண்டாம். இங்கேதான் அந்தக் கையெழுத்து விஷயம். சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட பிரதி என்றால், அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று கவுண்டி கிளார்க் முதலில் சான்று தர வேண்டும். அது இல்லாமல் சாக்ரமென்டோவில் அபோஸ்டில் தரும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்பினால் அப்படியே திரும்பும். மாநிலப் பதிவாளர் கையெழுத்தோடு வந்த பிரதிக்கு இந்தப் படி கிடையாது, நேரே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். ஆகவே இந்த இரண்டை மட்டும் மாநில அலுவலகத்திலேயே வாங்கு. தாமதம்தான், ஆனாலும் ஒரு வாசல் குறைகிறது. ஜெராக்ஸில் நோட்டரி போட்டு அபோஸ்டில் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் நம்பாதே, இறப்புச் சான்றிதழுக்கு அது நடக்காது.

அபோஸ்டில் ஒன்றுக்கு 20 டாலர். தபாலில் அனுப்பினால் எந்த நாட்டுக்கு என்று எழுதி, திரும்ப வர விலாசமிட்ட கவர் வை. நேரில் போனால் இன்னும் 6 டாலர் கூடும், ஆனால் காத்திருந்து வாங்கி வரலாம். அக்கா ஃபோல்சமில் இருக்கிறாள், அந்த அலுவலகத்துக்கு அரை மணி நேரம். நீ கேட்டால் அவள் லீவு போட்டுப் போவாள். நான் கேட்டாலும் போவாள், ஆனால் நீ கேள்.

நீ சாப்பாட்டை விடுகிறாய் என்று மருமகள் சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன். திருத்தம் முடியும் முன் பிரதி வாங்காதே, மறுபடியும் சொல்கிறேன்.

விஎஸ் 24 வெற்றுத் தாள்கள் மூன்று இதோடு வைத்திருக்கிறேன், பிசகினால் மாற்ற. நிரப்பியது முதலில் உன்னிடமிருந்து அக்காவுக்குப் போகிறதா, அவளிடமிருந்து உனக்கு வருகிறதா என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள். அவள் நம்பர் மாறவில்லை.

அம்மா

பி.கு.: அபோஸ்டில் தாளைச் சான்றிதழோடு பின் அடித்துத் தருவார்கள். ஸ்கேன் செய்வதற்காகக்கூட அந்தப் பின்னைக் கழற்றாதே, செல்லாமல் போய்விடும். லாமினேஷனும் வேண்டாம்.